நொட்டாங்கை தோஷம்

அன்றைக்கு அந்த மாடிப்படியில் ஏற வேண்டுமென்றால் கையில் ஒரு மவுஸ் இருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் யாரும் வழி விடமாட்டார்கள்.

"ஏங்க, இடிக்காதீங்க. இதுக்குக் காய்ச்சல்."

"எதுக்கு?"

"இதுக்குத்தான்." கைக்குட்டையில் சுற்றிய மவுஸைப் பிரித்துக் காட்டினார் ஜெராக்ஸ் கடைக்காரர். "நேத்துலேருந்து நகர மாட்டேங்குது."

"நகரலைன்னா வாதம். தாவித் தாவிப் போனா பித்தம். ஐயா என்கிட்ட விளக்கமாச் சொல்லியிருக்கார்."

"அப்ப கபம்?"

"கிளிக் பண்ணினா சத்தம் வராது. அதான் கபம்."

படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. கீழ்த்தளத்துத் தையல்காரர் நின்றார். எதிர்வாசல் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு நின்றார். உள்ளே அவருடைய நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார். இருக்கட்டுமே, பல் எங்கே ஓடிப் போகிறது?

வரிசையின் தலைமாட்டில் ஒரு ஸ்டூல். அதன்மேல் நாடி ஐயா. ஒரு காலத்தில் தெருமுனையில் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். வியாபாரம் படுத்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் கடையின் பெயரை மாற்றுவார்கள். இவர் தன் பெயரை மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து மவுஸின் வயரை மூன்று விரலால் பிடிப்பார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான், நோய் தெரிந்துவிடும்.

தையல்காரர் தன் மவுஸை நீட்டினார். அடியில் இருந்த வழுக்குத் துண்டு உதிர்ந்துபோய், அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டியிருந்தார். தொழில் புத்தி.

ஐயா வயரைப் பிடித்தார். முகம் சுளித்தார்.

"ரொம்பச் சூடு ஏறிப் போச்சு. இதை வீட்டுல வைக்காதே."

"ஐயோ! என்ன பண்றது ஐயா?"

"என்கிட்ட விட்டுடு. குளிர்ந்த மவுஸ் ஒண்ணு தர்றேன். காணிக்கை உன் மனசு போல, ஆனா மனசு சின்னதா இருக்கக் கூடாது."

"சூடானதை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஓடுற தண்ணியில விட்டுடுவேன்."

அந்தத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடியது என்பது பிறகு தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்து வந்த அம்மாள் வயர் இல்லாத மவுஸை நீட்டினாள். ஐயா தொடவே இல்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நாடி இல்லாததை என்னன்னும்மா சொல்லுவாங்க?"

"பி… பிணம்னு."

"நானா சொன்னேன்? உங்க வாயால நீங்களே சொன்னீங்க."

"அடக் கடவுளே! இதை வச்சா இத்தனை நாள் கணக்கு எழுதினேன்?"

அம்மாள் அங்கேயே ஒரு வயர் உள்ள மவுஸ் வாங்கினாள். அதுவும் ஐயாவிடமே இருந்தது. ஐயாவிடம் இல்லாதது எது?

இந்தக் கூட்டம் முழுக்க நின்றது ஒரு கேட்டெழுதும் நிலையத்தின் வாசலில். கூட்டப் பேச்சு, பேட்டி, சொற்பொழிவு என்று யார் எதைப் பதிவு செய்து கொண்டுவந்தாலும், காதில் வாங்கி எழுத்தில் அடித்துக் கொடுப்பது அங்கே வேலை. ஐயாவை அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலில் அழைத்து வந்தவரே நிலையத்து முதலாளியம்மாதான். அழைத்தது ஒரே ஒருத்தியின் கைக்காக.

அவளை எல்லோரும் நொட்டாங்கை என்றே கூப்பிட்டார்கள். இடது கைக்காரி. எழுதுவது, வெட்டுவது, மவுஸ் பிடிப்பது எல்லாம் இடது கையால்தான். பல வருஷம் வீட்டோடு கிடந்துவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு தேடிப் பிடித்த முதல் வேலை இது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

வேலையில் கெட்டிக்காரி. காதுக்கருவியை மாட்டுவாள், கண்ணை மூடுவாள், விரல்கள் பறக்கும். சுவரோரம் இருக்கும் மிஷினில்தான் காலால் அழுத்திப் பேச்சை நிறுத்தவும் ஓட்டவும் பெடல் இருந்தது. நீளமான பேச்சுக்கெல்லாம் அந்த மிஷின்தான். அது அவளுக்கு.

வினையும் அங்கேதான். கண்ணைத் திறந்து பார்த்தால் திரையில் பாதிப் பேச்சைக் காணோம். அடித்தது அடித்ததுதான், ஆனால் எழுத்து விழவில்லை. மவுஸின் அம்புக்குறியும் காணோம். முழுத்திரையும் பிணம் மாதிரிக் கிடக்கும். சில சமயம் மவுஸை ஆட்டினால் அம்பு எங்கிருந்தோ ஓடி வரும். சில சமயம் வரவே வராது.

"ஏம்மா, தலைவர் பேச்சுல நடுவுல ரெண்டு பத்தியைக் காணோமே. தூங்கிட்டியா?"

"இல்லைங்கம்மா, அடிச்சேன்."

"அடிச்சா எங்கே போகும்? கம்ப்யூட்டர் தின்னுடுச்சா?"

"அதான் எனக்கும் தெரியலை."

முதலாளியம்மா அநியாயக்காரர் அல்ல. சோதனை செய்து பார்க்கிறவர்தான், ஆனால் பாதிச் சோதனை. பக்கத்து மிஷின் பையனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பையன் என்றால் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன். வேகத்துக்காக ஸ்பீடு என்று பெயர். அவன் நாள் முழுக்க அடித்தான். ஒரு எழுத்துக் கூடத் தொலையவில்லை.

"பார்த்தியா? மிஷின் நல்லாத்தான் இருக்கு."

நொட்டாங்கையை ஸ்பீடின் மிஷினில் உட்கார வைத்தார். அங்கேயும் ஒன்றும் தொலையவில்லை.

"நீயும் நல்லாத்தான் இருக்கே. அப்ப என்னதான் கோளாறு?"

இந்தக் கேள்வியோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆனால் உட்கார்ந்து யோசிப்பதைவிட ஆளை அனுப்பி ஐயாவைக் கூட்டிவருவது சுலபமாக இருந்தது.

ஐயா வந்தார். சுவரோர மிஷினின் மவுஸ் வயரைப் பிடித்தார். பிறகு நொட்டாங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பிடித்தார்.

"இந்த மிஷினுக்குள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"லினக்ஸுங்க. எங்க மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தார். இலவசம்."

"அதானே பார்த்தேன். இலவசமா வந்த ஜீவன் ரோஷக்காரன். கண்ட கையும் தொட்டாத் தாங்காது. ஜன்னலை எப்படி வச்சிருக்கீங்க?"

"முழுத்திரைதான். எல்லாரும் முழுத்திரையிலதான் அடிக்கணும். ஓரமா இடம் விட்டா வேற ஏதாவது வீடியோ ஓட விட்டுடறாங்க."

"முழுசாத் திறந்த ஜன்னல், எதிரே நொட்டாங்கை! உயிர் வெளியே ஓடாம என்ன பண்ணும்?"

"ஓடின உயிர் எங்க போகும் ஐயா?" கேட்டது நொட்டாங்கைதான்.

ஐயா அவளைப் பார்க்காமல் முதலாளியம்மாவிடம் சொன்னார்: "கேள்வி கேக்குது பாருங்க. அதுவும் தோஷத்தோட அறிகுறிதான்."

பரிகாரமும் சொன்னார். இடது கையை ஒரு கறுப்புத் துணிப்பையில் போட்டு, மணிக்கட்டில் சுருக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வலது கையால் மட்டும் வேலை. பை அவரிடமே கிடைத்தது.

அப்புறம் எல்லோரையும் வெளியே அனுப்பினார். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு மிஷினோடு தனியாக உட்கார்ந்தார். ஆயிரம் வருஷத்து மந்திரத்தை விசைப்பலகை வழியாக மிஷினுக்குள் ஏற்றுவாராம். யார் கண்ணிலும் படக் கூடாதாம். கொஞ்ச நேரத்தில் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் அம்பு நட்டநடுத் திரையில் நிற்கிறது!

செய்தி படியிறங்கியது. தையல்காரர் காதுக்குப் போனது, பல் டாக்டர் காதுக்குப் போனது. மறுநாள் வரிசை.

நொட்டாங்கை வலது கையால் அடித்தாள். நத்தை வேகம். ஆனால் ஒரு எழுத்தும் தொலையவில்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

வீட்டில் தங்கச்சி பையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னக்கா இது, கைக்கு முகமூடி?"

"தோஷமாம்."

"சின்ன வயசுல அப்பா துண்டால கட்டி வச்சார். இப்ப உங்க முதலாளி பையில போட்டு வச்சிருக்காங்க. நல்ல முன்னேற்றம்தான்."

"சிரிக்காதடி. நிஜமாவே வலது கையால அடிச்சா ஒண்ணும் ஆக மாட்டேங்குது. எனக்கே பயமா இருக்கு."

"பையைக் கட்டிட்டு அடிச்சா வேகம்?"

"வேகம் எங்க? வெள்ளிக்கிழமை அந்த ஆள் திரும்ப வரப் போறார். தோஷம் தீரலைன்னு சொன்னா என்னை நிறுத்திடுவாங்க. தீந்துச்சுன்னா காலம் பூரா பையோட உட்காரணும். ரெண்டுல எது நடந்தாலும் அந்த நாற்காலி என்னுது இல்லை."

தங்கச்சி பையின் சுருக்கை அவிழ்த்தாள். அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கை மத்தவங்க கை பண்ணாத எதையாவது பண்ணுதா? அதை மட்டும் யோசி. இது எந்தக் கைங்கறதை விடு."

மறுநாள் நொட்டாங்கை வேலை செய்யவில்லை. ஸ்பீடையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னக்கா, மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"உன் மூஞ்சியை யார் பார்த்தா? மவுஸை என்ன பண்ணினே இப்ப?"

"ஒண்ணும் பண்ணலையே. கிளிக் பண்ணிட்டு, டைப் அடிக்கறதுக்காக அப்படித் தள்ளி விட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான். வலது கையில பிடிச்சா வலது பக்கம்தானே தள்ளுவாங்க?"

"நான் எந்தப் பக்கம் தள்ளுவேன்?"

ஸ்பீடு தன் கையைக் காற்றில் அசைத்துப் பார்த்தான். "நீங்க… இடது பக்கம்."

அவ்வளவுதான். நொட்டாங்கை பையை அவிழ்த்தெறிந்துவிட்டுச் சுவரோர மிஷினில் உட்கார்ந்தாள். வலது கையால் மவுஸைப் பிடித்து இடது பக்கம் தள்ளினாள். அம்பு காணாமல் போனது. எழுத்து விழவில்லை. இடது கையால் பிடித்து வலது பக்கம் தள்ளினாள். அம்பு வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எழுத்து மழையாகக் கொட்டியது.

"கையில ஒண்ணும் இல்லைடா. தள்ளற பக்கத்துலதான் என்னமோ இருக்கு. இடது பக்கம் போனா இது நிக்கலை, எங்கேயோ போயிடுது."

"இடது பக்கம் சுவருதானேக்கா இருக்கு?"

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் வாடிக்கையாளர் காத்திருக்கும் அறை. அதில் மாட்டியிருந்த பெரிய டிவி ரொம்ப நாளாக இருட்டாகவே கிடந்தது. யாருடைய வேலை தயார் என்று அறிவிப்பதற்காக மாப்பிள்ளை மாட்டியது. கரண்டு செலவு என்று முதலாளியம்மா அணைத்துவிட்டார். அலமாரியை நகர்த்திப் பார்த்தால் ஓட்டை வழியாக ஒரு வயர் இன்னும் மிஷினுக்கும் டிவிக்கும் நடுவில் உறவாடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு வேளையில், அறையில் யாரும் இல்லாதபோது, ஸ்பீடு டிவியின் அடியில் இருந்த பொத்தானை அமுக்கினான். திரை வெளிச்சமானது.

"அக்கா! ஓடி வாங்க!"

டிவியில் அறிவிப்பு ஜன்னல் திறந்திருந்தது. மேலே 'தயாரான வேலைகள்' என்று தலைப்பு. அதன் கீழே தலைவர் பேச்சின் தொலைந்துபோன இரண்டு பத்திகள். அதன் கீழே யாரோ ஒரு பேராசிரியர் பேட்டியில் விட்டுப்போன விடை. இன்னும் கீழே, இன்னும் கீழே. அவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்த அத்தனையும் வரி பிசகாமல் அங்கே உட்கார்ந்திருந்தன. அந்த ஜன்னல், அடித்ததைத் தானாகச் சேமித்துக்கொள்ளும், மிஷின் எழுந்ததும் தானாகத் திறந்துகொள்ளும். மாப்பிள்ளை ஏற்பாடு.

நொட்டாங்கை அந்த இரண்டு பத்திகளையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு சொன்னாள்:

"நான் தூங்கலைடா."

"தெரியும்க்கா. ஆனா எழுத்து எப்படி இங்க வந்தது?"

"மிஷினைப் பொறுத்தவரை இந்த டிவி இன்னும் உயிரோடதான் இருக்கு. என் திரைக்கு இடது பக்கம் ஒட்டின இன்னொரு திரை. வயர் இருக்குல்ல? தள்ளினா அம்பு இங்க தாண்டிடுது. உங்க மிஷின்ல எல்லாம் ஒரே திரை, ஓரத்துல முட்டி நின்னுடும்."

"அம்பு தாண்டட்டும். எழுத்து ஏன் தாண்டணும்?"

"மிஷினோட அமைப்பை, அதான் செட்டிங்ஸை, இப்பத்தான் திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு பழக்கம் வச்சிருக்கார் அதுல. அம்பு எந்த ஜன்னல் மேல நிக்குதோ, எழுத்து அதுக்குத்தான் போகும். கிளிக் கூட வேண்டாம். முழுத்திரை கண்ணுக்கு முன்னாடி அப்படியே நிக்கும். ஆனா அதுக்குக் காது கேக்காது."

"வாங்க, இப்பவே முதலாளியம்மாகிட்டச் சொல்லிடலாம்."

"சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'பாரு, ஐயா மந்திரம் போட்டதாலதான் உனக்கே புத்தி வந்துச்சு'ம்பாங்க."

ஸ்பீடு யோசித்தான். சொல்லக்கூடியவர்தான்.

"டிவியை அணை. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே."

வெள்ளிக்கிழமை நிலையத்தில் நிற்க இடமில்லை. தோஷம் இறங்குவதைப் பார்க்கத் தையல்காரர், பல் டாக்டர், ஜெராக்ஸ்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். டாக்டரின் நாற்காலியில் இன்றைக்கும் ஒருவர் வாயைத் திறந்துகொண்டிருந்தார். முந்தைய ஆளேதானா என்று தெரியவில்லை.

ஐயா வந்ததும் முதல் பார்வை கைமேல்தான்.

"பை எங்கே?"

"துவைச்சுக் காயப் போட்டிருக்கேன் ஐயா. ஒரே ஒரு சந்தேகம். என் கை தோஷக் கை, இவன் கை நல்ல கை. அப்படித்தானே?"

"அதிலென்ன சந்தேகம்? நாடி பொய் சொல்லாது."

"ஸ்பீடு, உட்காருடா. அடி."

ஸ்பீடு உட்கார்ந்தான். கிளிக் செய்தான். வழக்கம்போல மவுஸை வலது பக்கம் தள்ளிவிட்டு அடித்தான். அம்பு போனது. திரையில் ஒரு எழுத்து இல்லை.

கூட்டம் மூச்சை இழுத்தது. இவள் காலையிலேயே அமைப்பைத் திறந்து, டிவியைக் குறிக்கும் பெட்டியை இழுத்து வலது பக்கம் போட்டு வைத்திருந்தாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இப்ப நான் அடிக்கறேன்." நொட்டாங்கை உட்கார்ந்து, இடது கையால் மவுஸை இடது பக்கம் தள்ளி, கண்ணை மூடி அடித்தாள். அத்தனை எழுத்தும் விழுந்தது.

"ஐயா, இது எப்படி?" என்றார் முதலாளியம்மா.

ஐயா அசரவில்லை. வயரைப் பிடித்தார். "நான் எதிர்பார்த்ததுதான். தோஷம் கை மாறிடுச்சு. இந்தப் பையன் மேல ஏறிடுச்சு."

"ஐயையோ! எனக்குக் குழந்தை இருக்கு!" என்று ஸ்பீடு அலறினான். கொஞ்சம் அதிகமாகவே அலறினான்.

நொட்டாங்கை குனிந்து திரையில் ஏதோ ஒரு பெட்டியை மறுபடி இடது பக்கம் இழுத்தாள். "இப்ப அடிடா." அடித்தான். எழுத்து விழுந்தது. "இப்ப நான்." மவுஸை இடது பக்கம் தள்ளினாள். அம்பு போனது, எழுத்தும் போனது.

"மறுபடி இந்தம்மா மேலயே ஏறிடுச்சு!" என்றார் ஐயா அவசரமாக.

ஜெராக்ஸ்காரர் மெல்லக் கேட்டார்: "ஐயா, இது தோஷமா, குரங்கா? இப்படித் தாவுதே."

யாரோ சிரித்தார்கள். ஐயாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"முத்திப் போச்சு. மந்திரத்தை ஏத்தினாத்தான் அடங்கும். எல்லாரும் வெளியே போங்க. அந்தப் பக்கத்து அறையில உட்காருங்க. கதவைச் சாத்துங்க!"

நொட்டாங்கை எதிர்பார்த்ததும் அதைத்தான். மவுஸைத் தொடாமல் எழுந்தாள். அம்பு சுவருக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது. கூட்டம் காத்திருக்கும் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தது. கடைசியாக வந்த ஸ்பீடு, போகிற போக்கில் டிவியின் அடியில் கை வைத்தான்.

"டிவியை யார் போட்டது? கரண்டு!" என்றார் முதலாளியம்மா.

"கொஞ்ச நேரம்தாங்கம்மா. அங்க பாருங்க, எழுத்து வருது."

வெளிச்சமான திரையின் கடைசி வரியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்து விழுந்தன.

யளனகபக யளனகபக யளனகபக

தையல்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"இது… டைப்ரைட்டிங் கிளாஸ்ல முதல் நாள் பாடம் இல்லே? நானும் ஒரு வாரம் போனேன். விரல் பழகறதுக்கு இதைத்தான் அடிக்கச் சொல்லுவாங்க."

"ஆயிரம் வருஷத்து மந்திரம்னாரே!" என்றார் டாக்டர்.

"டைப்ரைட்டருக்கு அவ்வளவு வயசா?"

டிவியில் மந்திரம் திடீரென்று நின்றது. துணிக்குள் இருந்தவருக்குத் தன் திரையில் எதுவும் விழாதது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அடுத்த வரி வந்தது.

ஹலோ

கொஞ்சம் இடைவெளி.

ஹலோ ஹலோ

அப்புறம், பாவம், மனம் விட்டுப்போன ஒரு சொல்:

வருதா

தையல்காரர் வாயில் கையைக் குவித்துச் சுவரைப் பார்த்துக் கத்தினார்: "வருது ஐயா! நல்லா வருது!"

அந்த அறை அதுவரை அப்படிச் சிரித்ததில்லை. முதலாளியம்மா கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்குவதற்குள் டிவி கறுத்துப் போனது. பிறகு வரிசையாக வெள்ளை எழுத்துகள் ஓடின. கம்ப்யூட்டரைப் புதிதாகப் போட்டால் ஓடுமே, அதே எழுத்துகள்.

"அணைச்சுப் போடறார்," என்றான் ஸ்பீடு.

"என்னது?"

"அவ்வளவுதாங்க பரிகாரம். அணைச்சுட்டு மறுபடி போடறது. போட்டதும் அம்பு நடுவுல வந்து நிக்கும். போன தடவையும் இதைத்தான் பண்ணியிருப்பார்."

"என் எக்ஸ்ரே மிஷினுக்கும் துணி போர்த்தித்தான்…" டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் இருப்பதே அவர் படிப்புக்கு மரியாதை.

கதவு திறந்தது. ஐயா வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"ஆயிரத்தெட்டு உரு ஏத்தினேன். அடங்கிடுச்சு. இனிமே…"

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். மிஷின் எழுந்து, அறிவிப்பு ஜன்னல் தானாகத் திறந்து, தயாரான வேலைகளின் கடைசியில் 'வருதா' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"வந்துச்சுங்க ஐயா," என்றார் தையல்காரர் மறுபடி, மரியாதையாக.

ஐயா வாசல் பக்கம் ஓர் அடி வைத்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் கோட்டுப் பையிலிருந்து, ஐயா தனக்குக் கொடுத்த குளிர்ந்த மவுஸை எடுத்தார்.

"அப்ப இது மட்டும் உண்மைதானே? குளிர்ச்சி நிக்கறதுக்காக அடியில ஒரு வெள்ளை வில்லை பதிச்சிருக்கேன்னு சொன்னாரே."

தையல்காரர் அதைப் பிடுங்கித் திருப்பினார்.

"வில்லையா? டாக்டர், இது சட்டைப் பொத்தான். நான் ஒட்டினது. இது என் மவுஸு!"

"ஓடுற தண்ணியில விட்டுட்டதா…"

"ஓடித்தான் வந்திருக்கு. படியேறி உங்க வாசலுக்கு!"

ஐயா எப்போது படியிறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டூலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். நாடி பார்க்க அதற்கு வயர் இல்லை.

முதலாளியம்மா டிவி முன்னால் நின்று மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். தலைவர் பேச்சு, பேராசிரியர் விடை, எல்லாம். கடைசி வரை படித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ஒரு வரி கூட விடலையேம்மா நீ."

"அதைத்தாங்கம்மா அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே. நான் உன் கையைப் பையில போட்டேன்." முதலாளியம்மா தரையைப் பார்த்தார். "நீ 'எங்க போகும்'னு கேட்டப்ப நானும் அதையே கேட்டிருக்கணும். சரி, இப்ப என்ன பண்ணலாம்? வயரைப் பிடுங்கிடலாமா?"

"வேண்டாங்க. டிவி உங்களுக்கு உதவும். அம்பு போற இடத்துக்கெல்லாம் எழுத்து போற அந்தப் பழக்கத்தை மட்டும் மாத்திடறேன். இனிமே கிளிக் பண்ணினாத்தான் போகும்."

"மாத்து. மாத்திட்டு உன் நாற்காலியில உட்காரு. அது உன்னுது. திங்கக்கிழமை நிரந்தர ஆர்டர் அடிச்சுத் தரேன்." கொஞ்சம் யோசித்து, "நீயே அடிச்சுக்கோ, சீக்கிரம் வரும்," என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

திங்கட்கிழமை காலை நொட்டாங்கை வேலைக்கு வந்தால் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. வாசல் வரை வரிசை. எல்லோர் கையிலும் மவுஸ். முன்னால் நின்றவர் தையல்காரர், தன் பொத்தான் மவுஸோடு.

"என்னங்க இது? ஐயா வரமாட்டாரே."

"அந்த ஏமாத்துக்காரனை யாரும்மா தேடறா? உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்."

"என்னையா?"

"தோஷத்தையே ஓட வச்ச கை! இது திரும்பவும் மக்கர் பண்ணுது. உங்க நொட்டாங்கையால ஒரே ஒரு தரம் தொட்டுக் கொடுத்தீங்கன்னாப் போதும்."

"ராசியான கைம்மா!" என்றார் பின்னால் இருந்த பல் டாக்டர்.

அவள் அந்த மவுஸை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பொத்தானின் ஓட்டைக்குள் நூல் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் வெளிச்சம் வரும் துளையையும் பஞ்சு அடைத்திருந்தது. தையல் கடையில் வேறு என்ன அடைக்கும்? இழுத்தால் வந்துவிடும்.

அவள் இழுக்கவில்லை. கைப்பையிலிருந்து அந்தக் கறுப்புத் துணிப்பையை எடுத்தாள். இடது கையை அதற்குள் நுழைத்து, பல்லால் சுருக்கை இறுக்கினாள். வலது கையால் மவுஸைத் தையல்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள், அடிப்பக்கம் மேலே தெரியும்படி.

"என் கை இன்னைக்கு லீவுங்க. உங்க தலை கொஞ்சம் வேலைக்கு வரட்டும்."